தொட்டறிவாரும் ரப்பர் ஆணியும்

கடைவீதியில் அப்போது யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "உங்க கடைக்கு ஐயா வந்துட்டாரா?"

வந்திருந்தால் கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். வராவிட்டால், பரீட்சையில் தேறாத பிள்ளையைப் பெற்றவர் போலத் தலையைத் தொங்கப் போடுவார்.

ஐயா என்றால் தொட்டறிவார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அவர் கம்ப்யூட்டர்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே இருக்கிற கணக்கெல்லாம் அலை அலையாக அவர் கைவழியே ஏறி வரும். யார் என்ன வாங்கினார்கள், யார் எதைத் திருப்பி அனுப்பினார்கள், எந்தச் சரக்கு விற்காமல் தேங்கிக் கிடக்கிறது, எல்லாவற்றையும் மடமடவென்று சொல்வார். கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். பிறகு பரிகாரம் சொல்வார். பரிகாரத்துக்கு முன்னால் பண உறை ஒன்று கைமாறும். அலைக்குச் செலவில்லை, அலை தங்கியிருக்கும் உடம்புக்குத்தான் செலவு.

ஒவ்வொரு கடைக்கும் வருவதற்கு முன் ஒரு நாள் முழுக்க மௌனத்தில் இருப்பார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கையில் செல்போனோடு மௌனமாக இருப்பார். மௌனத்துக்குச் செல்போன் எதற்கு என்று கேட்கிற துடுக்கு அந்த வீதியில் யாருக்கும் இல்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஐயாவின் ஞானம் அந்த ஒரு வீதியைத் தாண்டவில்லை. அடுத்த தெருவிலிருந்து துணிக்கடைக்காரர் வண்டி அனுப்பிக் கூப்பிட்டபோது, "அந்தப் பக்கம் அலை சரியா இல்லை" என்று சொல்லிவிட்டார். துணிக்கடைக்காரர் தன் தெருவை நொந்துகொண்டாரே தவிர, ஐயாவைச் சந்தேகிக்கவில்லை.

வீதியின் பெரிய இரும்புச் சாமான் கடைக்கும் ஐயா எழுந்தருளினார். மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியின்மேல் கையை வைத்தார். அது மின்சாரம் போனால் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும் பேட்டரிப் பெட்டி. கடையின் கணக்கு அதில் இல்லை. கணக்கு எங்கோ ஓர் ஊரில், வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில், கடைக்காரர் கண்ணாலும் காணாத இடத்தில் இருந்தது. அதனால் என்ன? ஐயாவின் கைக்குப் பேட்டரியே பேசியது.

"மரக்கடைக்காரர்... கதவுக் கீல் கேக்கிறாரு... நிறையக் கேக்கிறாரு..."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே நேர்ல பார்த்த மாதிரி சொல்றாரே!"

பில் போடும் அம்மா மட்டும் ஓரமாக நின்று யோசித்துக்கொண்டிருந்தார். கடையில் எல்லாரும் அவரைப் பில்லக்கா என்பார்கள். கடை காகிதத்தில் பில் போட்ட காலத்திலிருந்து இருப்பவர். வேலைக்குப் போக முடியாத கணவரும் படிக்கிற மகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம். இன்னைக்குக் காலையில முதல் பில் யாருக்குப் போட்டேன்? அதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

தொட்டறிவார் கண்ணைத் திறந்தார். அந்தப் பார்வையில் இரும்பே உருகியிருக்கும். "அலையைச் சோதிக்கக் கூடாதும்மா" என்றார்.

"பில்லக்கா, சும்மா இருங்க!" என்று முதலாளி அதட்டினார்.

அன்றைக்குச் சொன்ன பரிகாரம் எளிமையானது. காலையில் கடை திறந்ததும் முதலாளி தன் கையாலேயே சரக்கு இருப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். நாள் முழுக்க அதை மூடக் கூடாது. கடை சாத்தும்போது அதே பக்கத்தில், மனதார, 'சேமி' என்ற பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும். அவருடைய கைராசி சரக்கில் இறங்கும்.

இறங்கியது. மறுநாளிலிருந்து கணக்கு காணாமல் போக ஆரம்பித்தது.

பில்லக்கா பகலில் விற்றதையெல்லாம் கழித்து எழுதுவார். காலையில் வந்து பார்த்தால், விற்ற சரக்கெல்லாம் விற்காத மாதிரி பழைய எண்ணிக்கையில் உட்கார்ந்திருக்கும். இல்லாத பூட்டை இருப்பதாக நம்பி வாக்குக் கொடுத்து, வாடிக்கைக்காரர்களிடம் வசவு வாங்கினார் முதலாளி. மறுபடியும் ஐயாவைக் கூப்பிட்டார். ஐயா மறுபடியும் பேட்டரியைத் தொட்டார். இந்தத் தடவை அலை நேராகப் பில்லக்காவைக் காட்டியது.

"அந்த அம்மா விரல்ல வறட்சி இருக்கு. அவங்க தொட்ட எண்ணெல்லாம் உதிர்ந்து போகுது. அவங்க இங்க இருக்கிறவரைக்கும் இந்தக் கடை தேறாது."

கேள்வி கேட்ட விரல் ஆயிற்றே, வறட்சி இல்லாமல் இருக்குமா?

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் செய்கிற காரியத்துக்கும் கெட்டவர்கள் செய்கிற காரியத்துக்கும், அடிபடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அவர் கடையின் கணக்கு மென்பொருளை எழுதிக் கொடுத்த பெண்ணுக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, பில்லக்காவோட லாகின்ன எடுத்துடு. அடுத்த வாரத்துலேருந்து வேற ஆளு."

"ஏன் ஐயா? என்ன ஆச்சு?"

முதலாளி சொன்னார். விரல், வறட்சி, உதிர்வு, எல்லாம் சொன்னார்.

"நான் நேர்ல வரேன் ஐயா. அதுவரைக்கும் எதுவும் பண்ணாதீங்க."

அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் சேர்ந்து சின்ன நிறுவனம் ஒன்றை நடத்தினார்கள். வீதியில் பாதிக் கடைகளுக்கு, அவரவர் வியாபாரத்துக்குத் தக்கபடி கணக்குப் பக்கங்கள் செய்து கொடுத்தது அவர்கள்தான். அவள் எழுதுவாள், தம்பி பேசி விற்பான்.

அவள் வந்து பில்லக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பில்லக்கா பில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு எண்ணையும் போட்டுவிட்டு, உதிர்கிறதா என்று அவரே உற்றுப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. பொய் சொன்னவன் போய்விட்டான். பொய்யை இந்த அம்மாள் தன் விரலிலேயே சுமந்துகொண்டிருந்தார்.

"அக்கா, உங்க விரலுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் கணக்குலதான் ஏதோ கோளாறு. கண்டுபிடிச்சிடறேன்."

கடை சாத்தும் நேரத்தில் முதலாளி பயபக்தியோடு பொத்தானை அழுத்தியதைப் பார்த்தாள். காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னபோது முதலாளி கையை உதறினார்.

"ஐயா சொன்னது தப்பாம்மா? கீல் கேட்ட மரக்கடைக்காரரை நான் சொல்லாமலே சொன்னாரே!"

"மரக்கடைக்காரர் எப்பவோ கடையை மூடிட்டு ஊருக்கே போயிட்டாரே ஐயா. இப்ப எங்க கீல் கேக்கிறாரு?"

"அலைக்குக் காலம் ஏதும்மா?"

அவள் வேறு வழியில் யோசித்தாள். அலைக்குக் காலம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழைய கணக்கு மட்டும் தெரிகிறது, பில்லக்கா கேட்ட அன்றைய பில் தெரியவில்லை என்றால், எங்கேயோ ஒரு பழைய நகல் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போய்த் தம்பியைப் பிடித்தாள்.

"புதுசா வர்றவங்களுக்குக் காட்ட இணையத்துல ஒரு மாதிரிப் பக்கம் வச்சிருக்கியே, அதுல என்னடா போட்டிருக்கே?"

"காலியா இருந்தா பார்க்கிறவங்க கொட்டாவி விடறாங்கக்கா. அதான் நம்ம வீதிக்காரங்க கணக்கையே ஒரு காப்பி எடுத்துப் போட்டுட்டேன். பார்க்க நிறைவா இருக்குல்ல?"

"பாஸ்வேர்டு?"

"முகப்புலயே எழுதி வச்சிருக்கேன். யாரும் கஷ்டப்படக் கூடாதுன்னு."

"அடப்பாவி! ஊர்ல உள்ளவங்க வீட்டுச் சாவியையெல்லாம் வாசல்ல தொங்கவிட்டுட்டு வந்திருக்கியே!"

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போயிற்று. இப்படி ஒரு தப்பை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான் இவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்ய முடியும்.

இருவரும் உட்கார்ந்து, மாதிரிப் பக்கத்திலிருந்து வீதிக்காரர்களின் உண்மைக் கணக்கையெல்லாம் துடைத்து எடுத்தார்கள். அந்த இடத்தில் கற்பனைக் கணக்கை நிரப்பினார்கள். தம்பிக்குக் குஷி வந்துவிட்டது.

"அக்கா, இரும்புக் கடைக்கு ஒரு நல்ல சரக்கு போடவா?"

"போடு. ஆனா தொழில் தெரிஞ்சவன் கேட்டா சிரிக்கணும்; தெரியாதவன் கேட்டா நம்பணும்."

மறுநாள் அவள் முதலாளியிடம் கேட்டாள். "பில்லக்காவை அனுப்பறதுக்கு முன்னாடி, ஐயாவை இன்னொரு தடவை எல்லார் முன்னாடியும் பார்க்கச் சொல்லுங்க. அவர் சொல்றது சரியா இருந்தா நானே லாகின்ன எடுத்துடறேன்."

ஐயாவுக்கும் அது பிடித்திருந்தது. கூட்டம் என்றால் அவருக்குப் பிடிக்காமல் இருக்குமா? வழக்கம்போல மௌனம் இருந்துவிட்டு வந்தார். வீதியே கடைக்குள் நெருக்கியடித்து நின்றது. சன்னல் கம்பியில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டிருந்தார்கள். பில்லக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது போகச் சொல்வார்களோ என்று உட்கார்ந்திருந்தார்.

தொட்டறிவார் குனிந்து பேட்டரியைத் தொட்டார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார்.

"வருது... மேட்டுத்தெருக் கட்டடக்காரர்... ஆணி வாங்கியிருக்காரு..."

"ஆமா, ஆமா" என்றார்கள் நாலு பேர். ஆணி வாங்காத கட்டடக்காரர் உண்டா?

"பெட்டி பெட்டியா வாங்கியிருக்காரு... ரப்பர் ஆணி..."

கூட்டத்தில் யாரோ இருமினார்.

"ரப்பர் ஆணி! அதை அடிச்ச வீட்டுல அழுகுரல் கேக்குது எனக்கு! அந்த அம்மா கைபட்ட ஆணி அது!"

பெயின்ட் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரிப்பு பைப் கடைக்காரருக்குத் தொற்றியது. "ரப்பர் ஆணியை எதால அடிக்கிறது ஐயா? பஞ்சுச் சுத்தியலாலயா?" என்று சன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. கடை அதிர்ந்தது.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, இந்தக் கடையில ஆயுசுக்கும் ரப்பர் ஆணி வித்தது கிடையாதே" என்றார், கெஞ்சுகிற குரலில். எப்படியாவது அது உண்மையாக இருந்துவிடாதா என்று இருந்தது அவருக்கு.

"அது... சூட்சும ஆணி" என்றார் தொட்டறிவார்.

அந்தப் பெண் தன் கம்ப்யூட்டரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். மாதிரிப் பக்கத்தைத் திறந்தாள். முகப்பிலேயே பாஸ்வேர்டு. உள்ளே மேட்டுத்தெருக் கட்டடக்காரர், பெட்டி பெட்டியாக ரப்பர் ஆணி.

"இது நானும் என் தம்பியும் எழுதினது. இப்படி ஒரு கட்டடக்காரரே கிடையாது. இதுக்கு முன்னாடி இங்க உங்க எல்லார் கணக்கும் இருந்துச்சு. வச்சது எங்க தப்பு, மன்னிச்சுக்கோங்க. மௌனம் இருந்து படிச்சது அவரோட திறமை. அப்புறம், அவர் கை வச்சிருக்கிறது பேட்டரி."

தொட்டறிவார் சுடுபட்டவர் போலக் கையை எடுத்தார்.

"அப்போ என் கணக்கு ஏன் காணாமப் போச்சு?" என்றார் முதலாளி.

"இப்பவே பாருங்க. பக்கத்தை நீங்க காலையிலேயே திறந்து வச்சிட்டீங்க. அக்கா, நீங்க ஒரு பூட்டு வித்ததா எழுதுங்க."

பில்லக்கா எழுதினார். எண்ணிக்கை குறைந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

"இப்ப நீங்க மனதார அழுத்துங்க ஐயா."

முதலாளி அழுத்தினார். விற்ற பூட்டு திரும்பி வந்து அலமாரியில் உட்கார்ந்துகொண்டது. காலையில் அவர் திறந்தபோது இருந்த பழைய எண், பில்லக்கா எழுதிய புது எண்ணின்மேல் ஏறிவிட்டது.

"கடைசியா அழுத்துறவங்க எண்ணுதான் நிக்கும். அப்படி ஆகாம நான் தடுத்திருக்கணும். அதையும் இன்னைக்குச் சரி பண்ணிடறேன். உதிர்த்தது அக்கா விரல் இல்ல. உங்க விரல், ஐயா. அவர் சொல்லிக் கொடுத்த பரிகாரம்."

கூட்டம் திரும்பியபோது தொட்டறிவார் இல்லை. அவ்வளவு நெரிசலில் எப்படி வழி கண்டுபிடித்தார் என்பதுதான் அவர் செய்த ஒரே அற்புதம்.

முதலாளி தன் விரலையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பில்லக்காவின் மடியிலிருந்த கைப்பையை எடுத்து, அதன் வழக்கமான கொக்கியில் தானே மாட்டினார். "மன்னிச்சிடுங்கக்கா" என்றார். தன்னைவிட வயதில் சிறியவரை, கடை முழுக்கக் கேட்க, 'பில்' இல்லாமல் வெறும் அக்கா என்றார். பில்லக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்தது யாருக்கு பில்?" என்றார்.

கூட்டம் கலையும்போது பெயின்ட் கடைக்காரர், இவ்வளவு சிரித்த மனிதர், அந்தப் பெண்ணிடம் மெதுவாக வந்தார். "எல்லாம் சரிதாம்மா. ஆனா என் கடையைப் பத்தி மட்டும் அவர் சரியாத்தானே சொன்னாரு?"

அன்பர்களே, கும்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் கையைக் கூப்புமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மனிதனுக்கு மூளையைக் கொடுத்த கடவுள், அதைப் பயன்படுத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவரை வாசலிலேயே நிறுத்தி, கையில் உறை இருக்கிறதா என்று பாருங்கள்.