அண்ணிக்குப் பயமே இல்லை

"நல்லா இருக்கு தம்பி. வீடு நல்ல விசாலம்" என்றாள் அண்ணி.

தம்பிக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணி இப்போது நடந்து முடித்தது குடியிருக்கிற வீடா என்ன? ராப்பகலாக உட்கார்ந்து அவன் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகக் கட்டிய பேய் வீடு. ஆடுபவர் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் திரையில் தெரியும். கையில் ஒரு டார்ச், முடிவே இல்லாத தாழ்வாரம், முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடும் சத்தம். பேய் சட்டென்று எதிரில் வந்து குதிக்காது. இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்திலேயே ஆளை வதக்கியெடுக்கும்.

அதை வெளியிட இருந்த முதலாளியம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எந்த விளையாட்டும் ஆடிப் பழகாத ஒருவர், இது பயமுறுத்துவதற்காகச் செய்தது என்று தெரியாமல் ஆட வேண்டும். அவர் பயந்தால் விளையாட்டு வெளியே வரும். பயப்படாவிட்டால் குப்பைக்குப் போகும். சனிக்கிழமை தானே நேரில் வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார்.

அப்படி ஓர் ஆள் என்றால் வீட்டில் அண்ணிதான். வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவனுக்குத் தன் தையல் அறையைக் காலி செய்து கொடுத்து, மெஷினைக் கூடத்து மூலைக்குத் தள்ளிக்கொண்டவள். எப்போது முடிப்பாய் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. நன்றி சொல்லத் தெரியாமல் ஒருமுறை அவன் சூப் வைத்துக் கொடுத்தான். உப்பு கரித்த அந்தச் சூப்பைக் கிண்ணம் வழித்துக் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டவள்.

வீடு விசாலம் என்று அண்ணி சொன்ன அன்றே பேய் வீட்டை இன்னும் இருட்டாக்கி, ஜன்னல் திரையை இழுத்து விட்டு, மறுபடி ஆடச் சொன்னான்.

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குப்பா."

அழுகுரல் சேர்த்தான். பாவம், பசிக்கிறது போலிருக்கிறது என்றாள். பேயை அவள் பின்னாலேயே நடக்கவிட்டான். துணைக்கு ஆள் வந்தால் நல்லதுதானே என்றாள். கடைசியில் சொந்த வீட்டுச் சத்தங்களையே பதிவு செய்து போட்டான். குளியலறைக் குழாய் சொட்டுவது, அலமாரிக் கதவின் கிறீச். "அட, நம்ம வீடு மாதிரியே இருக்கே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

போதாக்குறைக்கு அண்ணனுடைய போக்கு வேறு. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து மனிதருக்குக் காதல் பொங்கிவிட்டது. அண்ணி மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனால் இவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறார். அவள் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாட்டு முணுமுணுக்கிறார். பாட்டு நின்றால், "ம், பாடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. பட்டப்பகலில் எல்லா அறையிலும் விளக்கு. அலமாரிக் கதவுகள் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கின்றன. இங்கே ஒருவன் பிழைப்பு போகிறது, இவர்களுக்குக் கொஞ்சல் கேட்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை முதலாளியம்மா வந்து அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மனசுல பட்டதைச் சொல்லுங்கம்மா. ஆடும்போது பயமா இருந்துச்சா?"

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். வெளிறிப்போய் நின்றான்.

"பயமா? சேச்சே. சின்னப் பிள்ளைங்களுக்கே கொடுக்கலாம். அவ்வளவு பாசமா செஞ்சிருக்கான்."

முதலாளியம்மா கைப்பையை மூடினார்.

தம்பிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கூடத்து மூலையில் முடங்கியிருந்த தையல் மெஷின் கண்ணில் பட்டதும், வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

"பரவாயில்ல அண்ணி, வேற வேலை தேடிக்கறேன். கேட்காமலே அறையைக் கொடுத்தீங்க. அதை நான் மறக்கமாட்டேன்."

இவ்வளவு புகழ்ந்தும் பிள்ளை ஏன் இப்படிப் பேசுகிறான் என்று அண்ணி விழித்தாள். வந்தவருக்குக் காபி கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்தவள், சமையலறை வாசலில் நின்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"காபி போடவும் ரெண்டு பேரா?" என்று சிரித்தார் முதலாளியம்மா.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னம்மா பண்றது, இவன் விளையாட்டை ஆடினதுலேருந்து அவ தனியா ஒரு இடத்துக்கும் போறதில்ல, பயந்துட்டேன்னு தெரிஞ்சா புள்ள மனசு ஒடிஞ்சுபோயிடும், வாயைத் திறக்காதீங்கன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்கா."