மாதனூரில் கடல் இல்லை

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை.

என் அக்கா மகள் ஹஃப்ஸாவுக்கு மாமூ மக்பூல் அகமது ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் மாமி ஜஹீதாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. சென்னையில் நீயும் உன் கம்ப்யூட்டரும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் சிரிக்கிறாய், ஆகையால் எழுதுகிறேன்.

சாட்டிலைட் படத்தைப் பார்த்து, கடலோரத்தில் எது வயல், எது உப்பளம் என்று நிறம் பிரிப்பது உன் வேலை. அந்த புரோகிராமை நம் ஊர்ப் படத்திலும் ஓட்டிப் பார்த்து எனக்கு ஒரு பிரின்ட் அனுப்பினாய். நான் பெருமை தாங்காமல், மாதனூர் மனையில் வீடு கட்டக் கொடுத்த மனுவோடு அதையும் சேர்த்துப் பின் அடித்துவிட்டேன். தன் வினை தன்னைச் சுடும். ஒன்றிய அலுவலக எழுத்தர் ஹேமலதா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இன்னா சார், உங்க மனை உப்பளம்னு போட்டிருக்கு? கடலோர அனுமதி எங்க?" என்றார். "மேடம், பக்கத்துத் தோல் மண்டி காஷிஃப், தோல் கெடாம இருக்கத் தடவின உப்பை உதறி அங்க கொட்டி வச்சிருக்கான். அதான் வெள்ளையா தெரியுது" என்றேன். "அப்ப மேப்பைத் திருத்தி எடுத்துட்டு வாங்க" என்றார். கடல் இல்லை என்று சான்று கேட்டு கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடினேன். "இருக்கிறதுக்குத்தான் சர்டிபிகேட், இல்லாததுக்கு எப்படித் தர்றது?" என்று கேட்டார். உன்னிடம் கேட்டால், "மாமூ, அந்த புரோகிராமுக்குக் கடற்கரை மட்டுந்தான் கத்துக்குடுத்திருக்கேன். கையால திருத்தினா என் வேலை போய்டும்" என்றாய். சரி, மேப்பைத் திருத்த முடியாவிட்டால் மனையைத் திருத்துகிறேன் என்று இறங்கினேன். உப்பின்மேல் நீலத் தார்ப்பாய் விரித்தேன், நீ அனுப்பிய அடுத்த பிரின்டில் இறால் பண்ணை என்று வந்தது. தார்ப்பாயை எடுத்துவிட்டுப் பச்சை வலை கட்டினேன், அலையாத்திக் காடு என்று வந்தது. அந்த பிரின்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் ஹேமலதா எழுந்தே நின்றுவிட்டார். "சார், இது பாதுகாக்கப்பட்ட காடு. வீடு கட்றது இருக்கட்டும், ஒரு குச்சி ஒடிச்சாலே கேஸு."

நான் விடுவதாக இல்லை. ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்தவன், கோணல் தையல் ஒன்றைக்கூட வாசல் தாண்ட விட்டதில்லை. மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்கு உன் மாமி படிக்கு ஒரு "யா அல்லாஹ்" சொல்லி ஏறுவதை இனியும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வலையைப் பிரித்து, உப்பை லாரியில் ஏற்றி அனுப்பி, மனையை வெறும் செம்மண்ணாகப் பெருக்கி வைத்திருக்கிறேன். வரும் புதன் காலை பத்தரைக்கு உன் சாட்டிலைட் வரும்போது துடைப்பமும் கையுமாக அங்கேயே நிற்பேன். மணற்பாங்கான கடற்கரை என்று மட்டும் போட்டுவிடாதே.

அக்காவுக்கு என் ஸலாம். உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பானாக.

அசையாத உறுதியுடன்,
மாமூ மக்பூல் அகமது

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் உன் மாமி வந்து நிற்கிறாள். என்னிடம் சொல்லாமல் அந்த அலுவலகத்துக்கே போயிருக்கிறாள். அங்கேயும் லிஃப்ட் இல்லை. இரண்டு மாடி ஏறிப் போய், "அந்தக் கலர் பேப்பரை நீங்க கேட்டீங்களா?" என்றாளாம். "இல்லம்மா, சார்தான் வச்சாரு" என்றாராம் ஹேமலதா. "அப்ப எடுத்துடுங்க." பின்னைக் கழற்றி எடுத்துவிட்டார், கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆகவே நீ எதையும் திருத்த வேண்டாம். புதன் பத்தரைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறோம், அவசியம் வா. குழியைப் பார்த்து உன் கம்ப்யூட்டர் துறைமுகம் என்று சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.