வேர் எவருக்கோ, மேஜை அவருக்கே

இனி இந்த வீட்டில் சண்டையே கிடையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிவு செய்தேன். நான் ஜெயித்துவிட்டால் சண்டை தானாக நின்றுவிடும் அல்லவா?

சண்டை ஒரு மேஜைக்காக. எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு மேஜை, அதுவும் ஜன்னலோரம். வெளியே ஒரு மரம், அதற்கு மேலே அவசரமே இல்லாத மேகங்கள். அங்கே அரபு அகராதியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்றால் நான் இந்த உலகத்தில் இல்லை. என் மனைவிக்கோ இலாகா பரீட்சைக்குப் படிக்க அதே மேஜை வேண்டும். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். பாஸானால் அவள் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா.

நான் லிஃப்ட் பரிசோதிப்பவன். நாள் முழுக்க ஏறி இறங்குவேன். எங்கேயும் போய்ச் சேர மாட்டேன். ஏதோ ஒரு ஆசையில் மாலை வகுப்பில் அரபு கற்கப் போனேன். அங்கேதான் வாத்தியார் அந்த அதிசயத்தைச் சொன்னார். அரபுச் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று மெய்யெழுத்துதான் வேர். க, த, ப என்று மூன்றை எடுத்துக்கொண்டால் எழுதுவது என்று பொருள். இடையில் உயிரொலியை மாற்றினால் கிதாப், புத்தகம். வேறு மாதிரி இழுத்தால் காதிப், எழுதுபவர். முன்னால் ஒரு 'ம' ஒட்டினால் மக்தப், மேஜை. பின்னால் கொஞ்சம் நீட்டினால் மக்தபா, நூலகம். அகராதியிலும் இவர்கள் தனித்தனியாகக் குடியிருப்பதில்லை. வேரின் கீழே, ஒரே பக்கத்தில், கூட்டுக் குடும்பம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். மூன்று எழுத்துகள் இருட்டில் மிதக்கும். அவற்றிலிருந்து அண்ணன், தம்பி, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று சொற்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். ரொம்பக் கவனமாகப் பரிசோதிக்கிறேன் என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேஜையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். நான் அகராதியோடு போய் நின்றேன்.

"இங்க பாரு, நமக்குள்ள எதுக்கு சண்டை? வீட்டையே வேர்ப்படி பிரிச்சுக்கலாம்."

"எதை வேரோட பிடுங்கப் போறீங்க?"

"பிடுங்கல. பங்கு போடறோம். ஒரு வேர் யாருக்குச் சேருதோ, அந்தக் குடும்பம் மொத்தமும் அவங்களுக்கு. குடும்பத்தை நடுவுல பிரிக்கக் கூடாது. பிரிச்சா பாவம்."

"நாளைக்கு மாத்திப் பேச மாட்டீங்களே?"

"வேணும்னா எழுத்துலயே வச்சுக்கலாம்."

"சரி, சொல்லுங்க."

நான் மேகத்தைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டேன். மேஜையின் வழவழப்பு அப்போதே என் முழங்கைக்குத் தெரிந்தது.

"அகராதி என்னோடது. அகராதி ஒரு கிதாப். கிதாபும் மக்தபும் ஒரே குடும்பம். அதனால மேஜை எனக்கு. எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை.

"அந்த வேருக்கு என்னங்க அர்த்தம்?"

"எழுதறது."

"வேர் யாருக்கோ குடும்பம் அவங்களுக்குன்னு போட்டிருக்கு. இந்த வீட்டுல எழுதறது யாரு?"

"ஏன், நான் தினமும் லிஃப்ட் ரிப்போர்ட்..."

"அதுல டிக் அடிக்கறீங்க. உங்க அக்காவுக்கு லெட்டர் எழுதறது?"

"நீ."

"அரபு கிளாஸ்ல சேர அப்ளிகேஷன் எழுதினது?"

"அது... நீதான்."

"இப்ப இந்த ஒப்பந்தம்?"

அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"நான் படிக்கிறவன்!" என்றேன்.

"படிக்கறதும் இதே குடும்பமா?"

"இல்ல. அது வேற வேர்."

"அதுல மேஜை, நாற்காலி ஏதாவது வருமா?"

பக்கத்தை மூன்று தரம் புரட்டினேன். "வரல."

"பாவம். நல்ல குடும்பந்தான், வசதி பத்தாது போலிருக்கு."

அத்தோடு நான் நகர்ந்திருக்க வேண்டும். அவள் விடவில்லை. "ஏங்க, கழுவறதுக்கு வேர் உண்டா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

வேர் என்று யாராவது கேட்டால் நான் உருகிவிடுவேன். "உண்டாவா! க, ஸ, ல. மக்ஸலான்னா கை கழுவற தொட்டி. கஸீல்னா துவைச்ச துணி. கஸ்ஸாலான்னா வாஷிங் மெஷின். குளியல் கூட அங்கதான் வருது. எல்லாம் ஒரே தண்ணியில நனைஞ்ச சொந்தக்காரங்க..." சொல்லும்போதே எனக்குள் நீர் சலசலத்தது.

"கேக்கவே சுகமா இருக்கு. இன்னிக்குக் காலையில காபி டம்ளரைக் கழுவினது யாரு?"

"நான்தான்!" என்றேன் பெருமையாக. மாதத்தில் ஒரு நாள் செய்வதைச் சொல்லிக்காட்டாமல் இருக்க முடியுமா?

அவள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாள்.

"அப்ப அந்தக் குடும்பம் மொத்தமும் உங்களுக்கு. பாத்திரம், துணி, தரை, தொட்டி. பிரிச்சா பாவம்னு நீங்கதான் சொன்னீங்க."

பாத்திரம் கழுவப் போய் நின்றேன். தொட்டிக்கு எதிரே ஜன்னல் இல்லை, சுவர்தான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனாலும் நுரை பொங்கியது, மெதுவாக நகர்ந்தது. ஒரு குமிழிக்குள் அறை முழுவதும் வளைந்து தெரிந்தது. அதற்குள்ளே குட்டியாய், மேஜையில் குனிந்து எழுதும் அவள். அந்த ஒரு நிமிஷம் பொறாமை எல்லாம் மறந்து, இவள் பாஸாகிவிட வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

ஈரக் கையோடு திரும்பினேன். "இன்னும் ஒரு குடும்பம் பாக்கி. ஸ, க, ன. ஸகன்னா குடியிருக்கிற வீடு. ஸுகூன்னா அமைதி. ஸிக்கீன்னா கத்தி. மிஸ்கீன்னா ஒண்ணுமில்லாத அப்பாவி. நாலையும் அகராதி ஒரே வேர்லதான் வச்சிருக்கு. இது யாருக்கு?"

அவள் நிமிரவே இல்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"வீடும் அமைதியும் எனக்கு வேணும். அதுக்காக அந்த அப்பாவியையும் சேர்த்தே வச்சுக்கறேன். கத்தியை மட்டும் நல்லா கழுவிக் குடுத்துடுங்க."