பதினொரு மன்னிப்புகள்

பர்ன்லி,
அக்டோபர் 13, 2024, ஞாயிறு மதியம்.

அன்புள்ள பெரில் அக்காவுக்கு,

தம்பி கிளிஃபர்டின் வணக்கம். உன் முழங்காலும் உன் பூனையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மழை, நான், கூரை மூவரும் வழக்கம்போல் இருக்கிறோம். நீ அனுப்பிய இஞ்சி கேக்குக்குப் போன கடிதத்திலேயே நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தால் இது இரண்டாவது நன்றி.

நிற்க. உட்கார்ந்துகொண்டு படி. உன் தம்பி மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 2010 குளிர்காலத்தில் பாய்லர் வெடித்தது உனக்கு நினைவிருக்கும், அதற்குப் புதியது வாங்கத்தான் அந்த கிரெடிட் கார்டை எடுத்தேன், "எப்படியும் கடன்தானே, கையோட லாண்டட்னோ போய்க் கடலையும் பாத்துட்டு வந்துடலாம்"னு டோரீன் சொன்னாள், போனோம், ஒரு வாரமும் மழை, ஆனாலும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் பஸ் டிப்போவை மூடினார்கள், 2014 மார்ச்சோடு தவணை நின்றுபோனது, பேங்க் என் கடனைப் பழைய சோபாவைத் தள்ளிவிடுவது மாதிரி ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டது, அந்தக் கம்பெனி பத்து வருஷம் கழித்து இப்போது கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. மூவாயிரத்து நூற்று அறுபது பவுண்டு.

சரியாக அவ்வளவு பணம் என்னிடம் இருக்கிறது என்பதுதான் கொடுமை. அது டோரீனின் கல்லறைக் கல்லுக்கு. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது, தலைமாட்டில் இன்னும் அடக்கத்தன்று நட்ட மரச்சிலுவைதான் நிற்கிறது, அதுவும் போன குளிரில் சாய்ந்துவிட்டது. பென்ஷனில் மிச்சம்பிடித்து இப்போதுதான் தொகை தேறியது. கல் வெட்டும் ஆஸ்பினால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விலை சொல்கிறார், அதனால் வாசகம் சின்னதாக இருக்க வேண்டும், எனக்கோ எதை எழுதினாலும் நீண்டுவிடுகிறது. வழக்கில் தோற்றால் வாசகத்துக்கே வேலையில்லை. கட்டின பெண்டாட்டியைப் பேரில்லாமல் படுக்க வைத்திருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா.

கோர்ட்டிலிருந்து வந்த படிவத்தை எதிர்வீட்டு கீத்திடம் காட்டினேன். "குப்பையில போடு கிளிஃப். பதில் போட்டாத்தான் வம்பு" என்றான். இப்படிப் பதில் போடாமலிருந்தே டிவியை ஜப்திக்குக் கொடுத்தவன் அவன். ஆகவே போன மாதம் ஒரு வியாழக்கிழமை நூலகத்தில் நடக்கும் இலவச ஆலோசனைக்குப் போனேன். அங்கே ரூபினா என்றொரு பெண், நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், கண்டிப்பானவள்.

"கடைசியா எப்ப பணம் கட்டினீங்க, மிஸ்டர் ஹிண்டில்?"

"2014 மார்ச்."

"அதுக்கப்புறம், ஆமா எனக்குக் கடன் இருக்குன்னு எழுத்துல எதையாவது ஒத்துக்கிட்டீங்களா? கையெழுத்துப் போட்டு?"

"ஒரு கடுதாசி கூட எழுதலம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாமே இதுலதான் இருக்கு."

"டோரீன் கல்லறை மேல சத்தியமா."

"அப்ப கதை முடிஞ்சுது. ஆறு வருஷம் தாண்டினா கோர்ட்டுல கேக்க முடியாது. கடன் காலாவதி."

அடுத்த வாரம் எதிர்வாதத்தை நானே எழுதி அவளிடம் கொண்டு போனேன். "கனம் நீதிபதி அவர்களே, தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்" என்றுதான் தொடங்கியிருந்தேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், கட்டத்துக்கு வெளியே எழுதியதற்கு மன்னிக்கவும், கம்பெனியாருக்கு அலைச்சல் தந்ததற்கு மன்னிக்கவும். ரூபினா சிவப்புப் பேனாவை எடுத்து எண்ணினாள். பதினொன்று.

"மிஸ்டர் ஹிண்டில், நீங்க வழக்கை எதிர்க்கிறீங்க. துக்கம் விசாரிக்கல."

"ஒண்ணே ஒண்ணு இருக்கட்டுமேம்மா. கடைசியில."

"ஒண்ணு கூடக் கிடையாது."

பதினொன்றையும் அடித்த பிறகு நாலு வரிதான் மிஞ்சியது. இந்த வீட்டிலிருந்து எழுத்துமூலம் எந்த ஒப்புதலும் போகவில்லை என்று மொட்டையாக நின்றது அந்தக் காகிதம். என் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையில்லாமல் நான் எதையும் எழுதியதில்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். பாய்லர் இன்னும் வீட்டைச் சூடாக வைத்திருக்கிறது, கடன் செத்துவிட்டதாம். சட்டம் அப்படியிருந்தால் நான் என்ன செய்ய? ஆனாலும் டோரீனைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இது, ராத்தூக்கம் சரியாக இல்லை.

இருக்கட்டும், நல்ல சேதிக்கு வருகிறேன். கல் வரப்போகும் தைரியத்தில் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன். டிசம்பர் முதல் ஞாயிறு சமையலறை மேசையில் நாங்கள் உட்காருவது உனக்குத் தெரியும். அவள் எழுதித் தள்ளுவாள், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் ஒட்டுவேன், அறுபத்திரண்டு அட்டை, நடுவில் இரண்டு தடவை டீ. நமக்கு அட்டை போட்ட ஒருத்தருக்கும் பதில் அட்டை போகாமல் இருந்ததில்லை, எல்லாம் அவள் நோட்டில் இருக்கிறது. 1998இல் நீ மறந்ததற்கு உன் பெயர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருக்கிறது.

ஈஸ்டருக்கு அவசியம் வா. கல் நட்டிருப்போம். கடவுள் உனக்குப் படியேறும் பலமும், உன் பூனைக்குக் கொஞ்சம் பணிவும் அருளட்டும்.

உன் அன்புத் தம்பி,
கிளிஃபர்ட் ஹிண்டில்

பின்குறிப்பு: திங்கள் பிற்பகல். உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் ஒரு தடிமனான கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனி கோர்ட்டில் கொடுத்திருக்கும் சாட்சியங்களின் நகல். ஏழு வாழ்த்து அட்டைகள், அக்கா. பனியில் உட்கார்ந்திருக்கும் ராபின் குருவி, கலரில். 2014இலிருந்து 2020 வரை, வருஷத்துக்கு ஒன்று.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த 2014 கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி தன் கடன்காரர்கள் எல்லோருக்கும் ஓர் அச்சடித்த வாழ்த்து அனுப்பியிருக்கிறது. டோரீன் விடுவாளா? உனக்கும் பாதிரியாருக்கும் நடுவில் அவர்களையும் எழுதி, ஏழு வருஷமும் டிக் போட்டிருக்கிறாள். உள்ளே அவள் எழுதியிருப்பது: "தாமதத்துக்கு மன்னிக்கவும். பாய்லர் நன்றாக ஓடுகிறது. உங்களுக்குத் தர வேண்டியதை நாங்கள் மறக்கவில்லை. இனிய கிறிஸ்துமஸ்." அதன் கீழே, ஏழிலும், சுத்தமாக, என் கையெழுத்து.

ரூபினாவுக்குப் போன் போட்டேன். அட்டையை வாசித்துக் காட்டினேன்.

"அது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாம்மா. மன்னிச்சுக்கோ."

"பன்னிரண்டு" என்றாள். பிறகு, ஒவ்வோர் அட்டைக்கும் அந்த ஆறு வருஷம் முதலிலிருந்து ஓடத் தொடங்குமாம், 2026 வரை கடனுக்கு உயிர் இருக்கிறதாம், மாதம் இருபது பவுண்டு தவணை கேட்டுப் பார்க்கலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டோரீன் ஏழு தடவை வாக்குக் கொடுத்திருக்கிறாள், நான் ஏழு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கல்லுக்கு வைத்த பணம் முழுவதும் நாளைக் காலை போகிறது. அட்டைகளைத் திருப்பித் தர முடியுமா என்று மட்டும் கம்பெனியைக் கேட்டிருக்கிறேன். கடைசி அட்டையில் அவள் கை நடுங்கியிருக்கிறது.

அதனால் இந்த ஈஸ்டருக்கு வராதே. அடுத்ததற்கும் சந்தேகம்தான். மறுபடி ஒரு பவுண்டிலிருந்து சேர்க்க வேண்டும். ஆனால் வாசகம் கிடைத்துவிட்டது. ஆஸ்பினாலிடம் விலையும் கேட்டுவிட்டேன், கட்டுப்படியாகும். அவள் பெயர், அதன் கீழே: "தாமதத்துக்கு மன்னிக்கவும். கிளிஃப்."

கல்லில் வெட்டிவிட்டால் ரூபினாவால் அடிக்க முடியாது.