க்யூசி அண்ணன் கழித்த வைக்கோல்

மாலை ஆறு பத்து. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்காவது ஞாயிறு. நான்காவது மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் திரும்பினால், பாட்டைத் தொடங்க வேண்டிய என் மூத்த மகள், ஆறு வயது ஜெனியைக் காணோம். அவள் தங்கை ஸ்டெல்லா மட்டும் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் க்யூசி அண்ணன் செய்த வேலை. உலகத்தைப் படைத்துவிட்டு நல்லது என்று கடவுள் கண்டபோது இவர் பக்கத்தில் நின்றிருந்தால், ஏழாம் நாள் ஓய்வு கிடைத்திருக்காது, எல்லாவற்றையும் திருப்பிச் செய்யும் ரீவொர்க்தான்.

ஒரகடம் பக்கம் நாங்கள் குடியிருந்த 2010-இல் மாடி அறையில் தனியாக இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் க்யூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை. பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

கழித்த பொருளில் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் சுருள் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். வேலை முடிந்து வந்தாலும் கை நிற்காது. தண்ணீர்த் தொட்டி மூடியில் ஒன்று, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் ஒன்று. வீட்டுக்கார அம்மா என்னிடம்தான் முறையிடுவார்.

"இன்னாம்மா, அந்த ஆளு என் வூட்டு கேட்டுல சிவப்பு ஒட்டிக்கீறாரு. ரூம் பாக்க வந்த பசங்க, இன்னா கேசோன்னு அப்டியே போய்ட்டானுங்க."

ஒரே சர்ச் ஆயிற்றே என்று முதல் ஞாயிறு மெழுகுவர்த்தி ஏற்ற அவரையும் கூப்பிட்டேன். வந்தவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இரண்டாம் வாரம் வந்தபோது, முதல் வாரத்து மெழுகுவர்த்திக்குச் சிவப்பு ஒட்டினார்.

"குட்டையா இருக்குல்லா?"

"போன வாரம் எரிச்சோமே அண்ணே."

"அதெல்லாம் சொல்லாதிய. நாலும் ஒரே உசரம் வேணும்."

கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்னக்கா, பிள்ள இன்னும் பொறக்கவேயில்ல. அதுக்குள்ள படுக்கப் போட்டுட்டிய?" குழந்தை இயேசுவின் சிறு சொரூபத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று முதல் குழந்தை இயேசு அவரோடு ஷிப்டுக்குப் போய்வந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் குடிலில் குழந்தையைக் கிடத்தும் முன்னணையில் ஒரு வைக்கோலைப் போடலாம். பிறப்பு விழாவுக்குள் குழந்தைக்கு மெத்தை தயாராகிவிட வேண்டும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பால்காரர் கொட்டகையில் ஒரு பிடி வாங்கி வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கி, மாடியில் பத்திரப்படுத்திவிட்டார் அண்ணன். இனி நல்ல காரியங்கள் சோதனைக்குப் பிறகுதான்.

"மாமா, இன்னிக்கு நான் ஸ்டெல்லாவை அடிக்கல."

"அது உன் ட்யூட்டி பாத்துக்க. ரிஜெக்ட்."

"மீனுக்குச் சாப்பாடு போட்டேன்."

"நேத்து போட்டியா? போடல. அப்ப ரிஜெக்ட்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முன்னணை வெறும் பலகையாகவே கிடந்தது.

அந்த நான்காம் ஞாயிறு அண்ணனுக்கு ஓ.டி.; என் கணவருக்கும் வேலை. "அக்கா எங்கடி?" என்று உலுக்கியபோது ஸ்டெல்லா சொன்னாள்: "இயேசு பாப்பாவுக்கு முதுகு வலிக்குமாம். வைக்கோலுக்குப் போயிருக்கா."

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். மழை ஈரம், இருட்டு, சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள். ஒன்று போனால் அடுத்தது. இடைவெளியில் எதிர்ப்பக்கம் தெரிவதற்குள் மறைந்துவிடும். பெயர் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் ஓடிவந்த வீட்டுக்கார அம்மா என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நீ வுழுந்துட்டா இந்தக் கொயந்தய யாரும்மா பாக்குறது, நில்லு." அந்தச் சாலையை நான் இப்போதும் கனவில் கடந்துகொண்டிருக்கிறேன்.

அண்ணனைத் திட்ட வார்த்தைகளை வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன்.

திடீரென்று லாரிகள் நின்றன. ஹாரன்கள் அலறின. முகப்பு விளக்குகளின் நடுவே, ஒரு கையை உயர்த்தியபடி ஒருவர் வந்தார். ராத்திரி ஷிப்டுக்கும் மடிப்புக் கலையாத சட்டை போடும் மனிதர். அன்று சட்டையெல்லாம் சாணி. தோளில் ஜெனி. அவள் இரு கைகளிலும் ஈர வைக்கோல். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவர், கொட்டகை வாசலில், திரும்பி வரச் சாலையைக் கடக்கத் தெரியாமல் நின்றவளைப் பார்த்திருக்கிறார்.

ஜெனியின் சட்டையில் ஒரு ஸ்டிக்கர். தேறிய பொருளுக்கு ஒட்டும் பச்சை. அவரிடம் பச்சையும் இருப்பது அன்றுதான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது.

அடுக்கிய வார்த்தைகளை விட்டுவிட்டுப் பிள்ளைக்காகக் கையை நீட்டினேன். அவளை என்னிடம் கொடுத்துவிட்டு, அவள் கையிலிருந்த வைக்கோலைக் குனிந்து பார்த்தார்.

"முழு லாட்டும் பாஸ் அக்கா," என்றார். "வைக்கோல் ஒண்ணு விடாம பாஸ்."