பாத்திர வண்டி நாலு விரக்கடை உயர்ந்த விவரம்

தி.நகர், சென்னை
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணன் இசக்கிமுத்து அவர்களுக்கு, தங்கை தங்கபுஷ்பம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகள் அஸ்வினும் ஷண்முகப்ரியாவும் அம்மன் புண்ணியத்தில் சுகம். உங்கள் மச்சானும் சுகமாகத்தான் இருக்கிறார். அவர் இவ்வளவு சுகமாக இருப்பதுதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஃபோனில் நான் "வண்டியைத் தூக்கிட்டாருண்ணே" என்று சொன்னதை நீங்கள் "தூக்கிட்டாங்க" என்று காதில் வாங்கிக்கொண்டு, வண்டி திருட்டுப்போய்விட்டது என்று வாழைத்தார் மண்டி முழுக்கச் சொல்லி, கோயிலுக்குக் கிடாவும் நேர்ந்துவிட்டீர்களாம். மதினி அழுதுகொண்டே கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரியும். வண்டி வாசலில்தான் நிற்கிறது என்று எவ்வளவு சொல்லியும் மதினி நம்பவில்லை. "எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுதீய" என்று இன்னும் கொஞ்சம் அழுதார்கள். அண்ணே, யாரும் திருடவில்லை. உங்கள் மச்சான்தான் வண்டியை உயரமாகத் தூக்கிவைத்திருக்கிறார். ஃபோனில் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, மீதியை நீங்களே நிரப்பிக்கொள்கிறீர்கள். அதனால்தான் எழுத்தில் எழுதுகிறேன்.

போன வருஷ மழையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வாடகைக்குப் பேசிய அண்டா, குண்டான், தாம்பாளம் எல்லாவற்றோடும் நம்ம பிக்கப் வண்டி சுரங்கப்பாதைத் தண்ணீரில் நின்றுபோய், நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவல் பாத்திரத்தில் சமைத்துப் பந்தியே முடிந்து ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமையல்காரர் இன்றைக்கும் நம்ம கடை வழியாக வந்தால் எதிர்ப் பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுகிறார். இந்த மழைக்கும் அப்படி ஆனால் பாத்திர வாடகைத் தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற கவலையில் உங்கள் மச்சான் யூடியூப் பார்க்க ஆரம்பித்தார். அங்கேதான் வினை. ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரன் பிக்கப் வண்டியின் வயிற்றை உயரத் தூக்கிவிட்டு ஆறு, மலை என்று ஏற்றிக்கொண்டே போகிறான். நமக்குப் பரங்கிமலையை விட்டால் மலை ஏது? "மலை இல்லாட்டி என்னட்டி, தண்ணி இருக்குல்லா" என்றார்.

ஈக்காட்டுத்தாங்கலில் காஷிஃப் பாய் என்று ஒரு மெக்கானிக். நல்ல மனுஷன், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி அடுக்கடுக்காக இரும்புப் பட்டை இருக்குமே, அதைக் காட்டி, "முழு கிட்டு போட்டா சூப்பரா கீது அண்ணாத்த, ஆனா துட்டு எகிறும். பின்னாடி அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வெச்சா சல்லிசா முடிஞ்சிரும். முன்னாடி அப்டி கட்டை வெச்சா டேஞ்சரு, பட்டை கூட்டணும். நாலு விரக்கடை போதும், அதுக்கு மேல ஏத்துனா பிரேக் இன்ஸ்பெக்டர் புடிச்சுக்குவாரு" என்றார். நம்மிடம் இருந்த பணமோ சல்லிசுக்கு மட்டும். "இப்போதைக்குப் பின்னாடி மட்டும் வைங்க பாய்" என்று இவர் சொல்ல, "பின்னாடி மட்டும் ஏத்துனா வண்டி குனிஞ்சுகினு போவுமே" என்று அவர் சொல்ல, "குனிஞ்சா மரியாதைதான" என்று இவர் முடித்துவிட்டார்.

வண்டி குனிந்தது அண்ணே. பின்பக்கம் தூக்கி, மூக்கு ரோட்டை மோந்துகொண்டு, பாண்டி பஜாரில் யாரைப் பார்த்தாலும் நமஸ்காரம் பண்ணுகிற மாதிரி ஒரு போக்கு. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர், "இன்னா அக்கா, வண்டி யாருக்குக் கும்புடு போட்டுக்கினு போவுது?" என்று கேட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் இருந்த அண்டாக்கள் மொத்தமும் சறுக்கிவந்து கேபினில் 'டமார்' என்று மோதும். லஸ் முனை வருவதற்குள் எனக்குக் கழுத்து சுளுக்கி, இடப்பக்கம் மட்டும்தான் பார்க்க முடிந்தது. உங்கள் மச்சான் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்ததால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே தன் கைலியைத் துவைத்துக் காயப்போட்டார். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத காரியம். நான் நேரே பீரோவிடம் ஓடினேன். போய்ப் பார்த்தால், வாஷிங் மெஷின் வாங்க நான் கட்டிய சீட்டுப் பணம் முன்பக்கத்துப் பட்டையாகிவிட்டது! அதுவும் புதுப்பட்டை இல்லை, புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பட்டை. காஷிஃப் பாய் அதைத் தட்டி வளைத்துப் பூட்டிக்கொடுத்தார். வண்டி நிமிர்ந்துவிட்டது, என்னால் மறுக்கமுடியாது. ஆனால் நிமிர்ந்த வண்டியில் ஏறுவது யார்? ஒரு குண்டானைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, கதவைப் பிடித்துத் தொங்கி, "முருகா" என்று எம்பித்தான் உள்ளே போக வேண்டும். லோடு ஏற்றுகிற இரண்டு பேரும் கூலியை ஏற்றிக் கேட்கிறார்கள். பட்டை இறுகிப்போய்க் கிடப்பதால், சின்னக் குழியில் இறங்கினாலும் பல்லும் பாத்திரமும் சேர்ந்து ஆடுகிறது.

இந்த லட்சணத்தில் மயிலாப்பூரில் ஒரு பெரிய கல்யாணம். சுப்புலக்ஷ்மி மாமி என்று பாட்டு டீச்சர், அவங்க பொண்ணு ஹம்சாவுக்கு. முதல்நாள் சாயந்தரம் மண்டபத்தில் பாத்திரம் இறக்கிவிட்டு ஒரே ஒரு பெரிய அண்டாவை மட்டும் வண்டியில் விட்டுவிட்டு வெளியே வரும்போது, வண்டி உயர்ந்த ஞாபகம் உங்கள் மச்சானுக்கு இல்லை. வாசலில் மணமக்கள் பெயர் போட்ட பூ வளைவு அண்டாவின் காதில் மாட்டி எங்களோடேயே வந்துவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணையும் மாப்பிள்ளையையும் எங்கய்யா இழுத்துண்டு போறேள்!" என்று மாமி பின்னால் ஓடிவந்தார்கள். தெப்பக்குளத்துப் பக்கம்தான் எங்களுக்குக் காதில் விழுந்தது. திரும்பிப்போய் அதைக் கட்டிக்கொடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டோம். மாமி கசங்கிய பூவை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அன்றிரவு மண்டபத்திலேயே தங்கிவிட்டோம்; விடிந்தால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. மண்டபத்துத் தெருவில் முழங்காலுக்கு மேலே தண்ணீர். மாப்பிள்ளை வீட்டார் மந்தைவெளியில் ஒரு ஃபிளாட்டில் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய காரெல்லாம் கிளம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது, ஆட்டோ வரமாட்டேன் என்கிறது. மாமி ஃபோனைக் காதில் வைத்தபடி, "முகூர்த்தம் தப்பிடுமே, நான் என்ன பண்ணுவேன்" என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பட்டுப்புடவை நனைவதுகூடத் தெரியவில்லை. ஹம்சா மாடி ஜன்னலில், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவர வேண்டிய கூரைப்புடவைக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள், அழாமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு. உங்கள் மச்சான் மழையைப் பார்க்கிறார், வண்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். பயம் அண்ணே. தண்ணீரில் இறக்கி வண்டி நின்றுபோனால் நான் என்ன சொல்வேனோ என்று பயம். எனக்குப் பாவமாகிவிட்டது. நான்தான், "என் மெஷினைத் தின்ன வண்டிதான, இறக்குங்க பாப்போம்" என்று சொல்லி, சேலையை இடுப்பில் செருகி ஏறினேன். குண்டான்கூடக் கேட்கவில்லை.

தண்ணீர் சக்கரத்தை மூடுகிறது, இரண்டு பக்கமும் அலை அடிக்கிறது, வண்டி மட்டும் 'ம்ம்ம்' என்று போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே மாப்பிள்ளை ஸ்ரீகிருஷ்ணா பஞ்சகச்சத்தோடு தயாராக நிற்க, அவருடைய அப்பா கஸ்தூரிரங்கன் சார் மட்டும், "லோடு வண்டியிலயா? எங்காத்துல வழக்கமில்லை" என்றார். "அப்பா, நாழியாறது, வழக்கத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மாப்பிள்ளை ஒரே தாவாகத் தாவினார். மாப்பிள்ளையின் அம்மாவையும் சாஸ்திரிகளையும் முன்னால் ஏற்றிவிட்டு, நான் பின்னால் நின்று மாப்பிள்ளைக்குக் குடை பிடித்தேன். வண்டி ஒரு குழியில் இறங்கியதும் கஸ்தூரிரங்கன் சார் பயந்துபோய் அந்தப் பெரிய அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். தலை மட்டும் வெளியே. "இதுக்குள்ள சௌகர்யமாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னார். மாடிகளிலிருந்து ஜனங்கள் கைதட்டினார்கள். மண்டபத்து வாசலில் நாதஸ்வரக்காரர் எங்களைப் பார்த்ததும் வாசிக்க ஆரம்பித்தவர், சிரிப்பு வந்து பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார். தாலி நல்ல நேரத்திலேயே ஏறியது. மாமி என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கம், நீ வந்தியோ, நான் பொழச்சேன்" என்றார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மழை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் அண்ணே, அதற்காக இந்த வண்டி சரி என்று ஆகிவிடாது. எனக்கு இடுப்பு போய்விட்டது, துணி கையால்தான் துவைக்கிறேன். இவர் என்னடாவென்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடக்கிறார், இன்னும் பெரிய டயர் போடலாமா என்று பாயிடம் கேட்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார். ஆகவே நீங்கள் கார்த்திகை பிறந்ததும் ரயிலேறி வந்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாலு வார்த்தை சொல்லி, வண்டியைப் பழையபடி கீழே இறக்கவைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும். உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் அவர் கட்டுப்படுவார்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம். உங்கள் மண்டியும் வாழையும் மழைக்குச் சாயாமல் நிற்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
தங்கபுஷ்பம்

பின்குறிப்பு: கடைசியில் கேட்டதை அடித்துவிட்டுப் படிக்கவும். கவரை ஒட்டப்போகும்போது சுப்புலக்ஷ்மி மாமி கூப்பிட்டார்கள். அவங்க தம்பி பொண்ணு வர்ஷினிக்கு தை மாதம் கல்யாணமாம், பாத்திரம் நம்மதுதானாம், மழை இல்லாவிட்டாலும் மாப்பிள்ளை அழைப்பு அந்த உசர வண்டியில்தான் வேண்டுமாம், கூட இன்னொரு வண்டியும் கிடைக்குமா என்றார்கள். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே ரயிலில் வர வேண்டாம், உங்கள் வாழைத்தார் வண்டியிலேயே வரவும். காஷிஃப் பாயிடம் பேசி முடித்தாயிற்று, உங்கள் வண்டியின் நாலு சக்கரத்துக்கும் பட்டை பார்த்து வைத்திருக்கிறார். மதினி கேட்டால் ஆயில் மாற்றப் போவதாகச் சொல்லவும்.