பத்துக் கட்டமும் ஒரு மைனாவும்

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கேட்டால் அதற்கும் ஒரு படிவம் நீட்டுவார்கள்) தவிட்டான் என்றொரு மைனா இருந்தான். பொழுது விடிந்தால் சீட்டி, பொழுது சாய்ந்தால் சிரிப்பு. உம்மணாமூஞ்சிக் காக்காய்கூட அவன் கிளைக்கு வந்தால் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகும். அப்படி ஒரு பிறவி.

ஆனால் குடியிருக்க இடமில்லை. போன வாரக் காற்றில் கூடிருந்த மரம் சாய்ந்துவிட்டது. மனைவி மஞ்சமூக்கிக்கோ முட்டையிடும் நேரம். மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று மலைக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சிங்கராஜாவின் குகை வாசலில் ஒரு அறிவிப்பு தொங்கியது. வரவேற்பாளர் தேவை. கலகலப்பான சுபாவம் வேண்டும். வேலையோடு ஆலமரப் பொந்து இலவசம், ஒழுகாது.

"இது உங்களுக்குன்னே செஞ்ச வேலைங்க!" என்றாள் மஞ்சமூக்கி.

தவிட்டான் சீட்டியடித்துக்கொண்டே போனான். வாசலில் குமாஸ்தா உடும்பு உட்கார்ந்திருந்தார். பிடித்தால் விடமாட்டார் என்பதற்காகவே அவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள்.

"வணக்கம்ண்ணே! வெயில்ல காய்ஞ்சு என்ன பளபளப்பா இருக்கீங்க! கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்க!"

வரிசையில் நின்ற முயலும் முள்ளம்பன்றியும் சிரித்துவிட்டன. உடும்புக்கே உதடு லேசாகக் கோணியது. சட்டென்று நேராக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். படிவத்தை நிரப்பு."

பெயர், இனம், இறகின் நிறம் எல்லாம் சுலபமாக முடிந்தது. அதற்குக் கீழே, 'விண்ணப்பதாரர் எவ்வாறு கலகலப்பானவர்?' என்று பத்துக் கட்டம். கட்டத்துக்கு ஒரு சொல். எழுதிய சொல்லை மறுபடி எழுதினால் தள்ளுபடி.

"ஏண்ணே, நான் எப்படிப்பட்டவன்னு இப்பத்தானே பார்த்தீங்க?"

"நான் பார்த்தேன். ஃபைல் பார்க்கலையே?"

தவிட்டான் மண்டையைக் கசக்கினான். 'ஜாலி' என்று ஒன்று வந்தது, 'குஷி' என்று ஒன்று வந்தது. மூன்றாவது வரவே மாட்டேன் என்றது. நாளை உச்சிவெயிலோடு கெடு முடிகிறது. முயல்தான் இரக்கப்பட்டு வழி சொன்னது. "ஆத்தோரம் கரடியார் இருக்காரு பாரு, அவருகிட்ட இல்லாத வார்த்தை கிடையாது."

அந்தக் கரடியாரா! கலகலப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தமாயிற்றே! ஆனாலும் போனான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, அவசரக்காரனுக்கு வெட்கம் மட்டு.

"சந்தோஷமா இருக்கிறவன் அதை அனுபவிச்சுட்டுப் போயிடுவான் தம்பி," என்றார் கரடியார் பெருமூச்சோடு. "இல்லாதவன்தான் உக்காந்து அதுக்குப் பேரு சேர்த்து வைப்பான். எட்டுச் சொல்லும் தர்றேன். ஆனா ஒரு சொல்லுக்கு ஒரு சோகம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"அட, அவ்வளவுதானா!" என்று சம்மணமிட்டான் தவிட்டான்.

'உற்சாகம்' என்ற சொல்லுக்குத் தேனீ கொட்டி மூக்கு பூசணிக்காயாக வீங்கிய கதை. சிரிப்பை அடக்கிக்கொண்டான். 'குதூகல'த்துக்கு மச்சான் குகையை வளைத்துப்போட்ட கதை. 'துள்ள'லுக்கு முட்டிவலி. 'உல்லாச'த்துக்கு யானை வீட்டுக் கல்யாணம். காடு மொத்தத்தையும் அழைத்தவர்கள் இவரை மட்டும் விட்டுவிட்டார்களாம். அங்கேதான் தவிட்டானின் வால் தொங்க ஆரம்பித்தது. 'பூரிப்பு', 'களிப்பு' இரண்டையும் மூக்கைச் சிந்தியபடியே எழுதிக்கொண்டான்.

'மலர்ச்சி'க்கு வந்த சோகம் ரொம்பச் சின்னது. வருஷா வருஷம் ஒரு தேனடையைத் தொடாமல் எடுத்துவைப்பாராம் கரடியார், யாராவது வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்று. இதுவரை ஒருவரும் வந்ததில்லை. தவிட்டான் ஓவென்று அழுதுவிட்டான். கடைசிச் சொல் 'கும்மாளம்'. அதற்கு என்ன சோகம் சொன்னார் என்பதே அழுகையில் அவன் காதில் விழவில்லை.

கரடியார் எழுந்து சோம்பல் முறித்தார். "அப்பாடா! எத்தனை வருஷ பாரம்டா தம்பி! நெஞ்சு பஞ்சாப் போச்சு!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "வா, நானும் வர்றேன். அந்த வேலையை நானும் கேட்டுப் பார்க்கிறேன்!"

பார்த்தீர்களா அநியாயத்தை!

குகை வாசலில் கரடியார் அதே தேனீக் கதையை அபிநயத்தோடு சொன்னார். சிங்கராஜா பிடரி கலையச் சிரித்துப் புரண்டார். பக்கத்தில் தவிட்டான் கண் வீங்கி நின்றான். வேலை போச்சு, பொந்து போச்சு, மஞ்சமூக்கியும் முட்டைகளும் மழையில்தான் என்று நினைத்துக்கொண்டான். சீட்டியடித்துப் பார்த்தான். வெறும் காற்றுதான் வந்தது.

"கரடியாரே, நீரே வேலையில் சேரும்!" என்றார் ராஜா.

உடும்பு செருமினார். "படிவம், மகாராஜா."

கரடியார் பேனாவை வாங்கி முதல் கட்டத்தில் 'நல்லா இருக்கேன்' என்று எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை.

"மீதி ஒன்பது?"

"ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குதேய்யா! போகட்டும் விடு. வீட்டுல தேனடை இருக்கு, யார் யார் வர்றீங்க?" என்று கேட்டபடி அவர் கிளம்ப, பாதி வரிசை அவர் பின்னாலேயே போய்விட்டது.

உடும்பு தவிட்டானின் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "பத்தும் நிறைஞ்சிருக்கு. ஒரு சொல்கூடத் திரும்ப வரலை."

"இவன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கே அழுகை வருதேய்யா!" என்றார் ராஜா.

"மூஞ்சிக்குக் கட்டம் இல்லை, மகாராஜா."

முத்திரை விழுந்தது.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. பொந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூன்று குஞ்சுகள் பொரிந்தன. ஒருநாள் காலையில் மூன்றும் சேர்ந்து முதல்முறையாகச் சீட்டியடித்தன. வாசலில் இருந்த தவிட்டான் திரும்பி முறைத்தான்.

"உஷ்! என்ன சத்தம்? இங்கே கலகலப்புக்கு நான்தான் பொறுப்பு. உங்ககிட்ட படிவம் இருக்கா?"

மஞ்சமூக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொந்து வந்துடுச்சு. என் வீட்டுக்காரருதான் இன்னும் குடிவரலை," என்று சொல்லிவிட்டுக் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டாள்.

நீதி: மனதில் பாரம் இருந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கிறவனாகப் பார்த்துப் பிடித்துச் சொல்லுங்கள். அவனால் பாதியில் எழுந்து போக முடியாது.